கணக்கை வட்டத்தில் வாசிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஆகஸ்ட் 2024)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "டிஜிட்டல் தொழில்நுட்பமும் மக்கள் நலத் திட்டங்களும்". அழைப்பிதழில் இதைப் பார்த்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா, "ஏம்மா, செல்போனைப் பத்தித்தானே பேசப் போற? அதை ராத்திரியில பசங்க கையிலருந்து எப்படிப் பிடுங்குறதுன்னு சொல்லிட்டு வா, போதும்" என்றார். அதற்கு என்னிடம் வழி இல்லை. வேறு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பட்டம் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்தேன். இருபது வருஷத்துக்கு மேல் குழுவில் இருக்கிறேன். ஊக்குநராக இருந்திருக்கிறேன், பதிவேடு எழுதியிருக்கிறேன். சில வருஷமாக நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கைக்கு வேறு ஊராட்சிகளுக்குப் போய்வருகிறேன். இந்த மூன்று வேலையிலும் நான் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-இல், பன்னாட்டு நிதி உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இந்தச் சுயஉதவிக் குழு வேலையை ஆரம்பித்தது. அப்போது கம்ப்யூட்டர் ஏது, செல்போன் ஏது? ஒரு நீட்டு நோட்டு, ஒரு தகரப் பெட்டி, மூன்று சாவி. அந்த நோட்டை வைத்துக்கொண்டு பாங்கிக்காரர்கள் நம்மை நம்பினார்கள் என்றால் காரணம் என்ன? கூட்டம் முடியும் முன்னால் கணக்கைச் சத்தமாக வாசிப்போம். இவங்க சேமிப்பு இவ்வளவு, இவங்க கடன் பாக்கி இவ்வளவு, பெட்டியில் இருப்பு இவ்வளவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்பார்கள். "ஏங்க, நான் போன வாரம் ஐம்பது ரூபா கட்டுனனே, அது எங்க?" என்று அங்கேயே ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போக முடியாது.

எந்தப் புதுச் செயலி வந்தாலும், எந்தப் புது மெஷின் வந்தாலும், நான் இதை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன். இதில் இருக்கும் கணக்கு, யாருடைய கணக்கோ அவர்கள் காதில் விழுகிறதா? தப்பு இருந்தால் கேட்க ஒரு வட்டம் இருக்கிறதா?

ரேஷன் கடையை எடுத்துக்கொள்வோம். 2017-இல் தாள் அட்டை போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. கூடவே பொருள் வாங்கினால் நம் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வர ஆரம்பித்தது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நான் இதைப் பெரிய மாற்றம் என்பேன். முன்னெல்லாம் நாம் வாங்காத மண்ணெண்ணெய்க்கும் துவரம் பருப்புக்கும் கடையில் பில் ஆகிவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? இப்போது வாங்காத பருப்புக்கு மெசேஜ் வந்தால், அதைக் காட்டி "நான் வரவே இல்லையே, யார் வாங்குனது?" என்று கேட்கலாம். எங்கள் தெருவில் கேட்டிருக்கிறார்கள். கேட்ட பிறகு பருப்பும் கிடைத்திருக்கிறது. அந்த எஸ்.எம்.எஸ். நம் வட்டத்தில் கணக்கு வாசித்த மாதிரி. அரசாங்கத்தின் ஏட்டில் என் பெயரில் என்ன எழுதினார்கள் என்று அது எனக்குச் சொல்கிறது.

அதே கடையில் பிறகு கைரேகை மெஷின் வந்தது. இது வேறு ஜாதி. இது எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. என்னிடம்தான் கேட்கிறது. நம் பக்கத்தில் புளி சீசனில் வீட்டுக்கு வீடு புளி தட்டுகிறோம். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, மூன்று மாசம் அந்தப் புளிப்பிலேயே கை ஊறிக் கிடக்கிறது. செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் கையைக் கேட்கவே வேண்டாம். ரேகை எங்கே இருக்கும்? "கையைத் துடைச்சிட்டு வைம்மா, வேற விரல் வைம்மா, நாளைக்கு வாம்மா." அந்த நாளைக்கு ஒரு நாள் கூலி போச்சு.

இங்கே ஒன்று தெளிவாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நடக்க முடியாத பெரியவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம், அதற்குப் படிவம் இருக்கிறது. இப்போது கண்ணைக் காட்டிப் பதியும் கருவியும் கடைகளுக்கு வருகிறது. வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி இருப்பது கடை வாசலில் திரும்பி நடக்கும் அந்தப் பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம் பன்னிரண்டு பேர் ஒரு குழுவில் இருக்கிறோம்.

இது வெறும் சிரமம்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று நினைக்காதீர்கள். 2017-இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்துபோனது. ஆதாரை இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை அதற்கு முன்பே நீக்கியிருந்தார்கள். குழந்தை பசியால் செத்தது என்று தாய் சொன்னார். மலேரியா என்று அரசுத் தரப்பு சொன்னது. எதுவாகவும் இருக்கட்டும், அட்டை நீங்கியது உண்மை. அதற்கப்புறம்தான், ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவு அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கம்ப்யூட்டரில் ஒரு வரியை அடிப்பதற்கு ஒரு நொடி. அடிக்கப்பட்டது யார் என்று பார்க்க அங்கே ஒரு வட்டம் இல்லாமல் போச்சு.

அதே ஜார்க்கண்டில் இன்னொரு கதையும் உண்டு. நான் எங்கே போனாலும் சொல்வேன், ஏனென்றால் அதில் ஜெயித்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நக்ரி என்று ஒரு வட்டாரம். 2017 அக்டோபரில் அங்கே ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். அதுவரை ரேஷன் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி. இனி அரிசிக்கான பணத்தை நேராக உங்கள் பாங்கு கணக்கில் போடுவோம், நீங்கள் அதை எடுத்து வந்து அதே கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். காகிதத்தில் எவ்வளவு அழகு பாருங்கள்! இடைத்தரகர் இல்லை, கள்ளச் சந்தை இல்லை, பணம் நேராக மக்களுக்கு.

நடந்தது என்ன? பணம் வந்ததா என்று தெரியாது. பாங்குக்கு நடந்துபோய் பாஸ்புக் பதிந்து பார்க்க வேண்டும். வந்திருந்தால் அதை எடுக்க இன்னொரு வரிசை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்குக் கணக்கு இருந்தால் எந்தக் கணக்கில் விழுந்தது என்று தேட வேண்டும். அப்புறம் அந்தப் பணத்தைச் சுமந்துகொண்டு ரேஷன் கடைக்கு. அரிசி ஒரு நடையில் வந்த வீட்டுக்கு இப்போது மூன்று நான்கு நடை. பணம் வராத மாசம் அரிசியும் இல்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. உணவு உரிமைக்காகப் பாடுபடுகிறவர்களும் இளைஞர்களும் வீடு வீடாகப் போய், யாருக்கு எத்தனை மாசப் பணம் வந்தது, எத்தனை தடவை பாங்குக்கு நடந்தார்கள் என்று எழுதினார்கள். 2018 பிப்ரவரியில் மக்கள் ஊர்வலமாக ராஞ்சிக்கு நடந்தார்கள். அரசாங்கமும் தன் பங்குக்குச் சமூகத் தணிக்கை நடத்திக் கேட்டுப் பார்த்தது. எங்களுக்குப் பழையபடி அரிசியே கொடுங்கள் என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். 2018 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

"அரசாங்கம் ஒன்னை முடிவு பண்ணிட்டா அப்புறம் என்னம்மா பண்ண முடியும்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். நக்ரியில் பண்ணினார்கள். கோஷம் போட்டதும் உதவியிருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையில் வீடு வீடாக எடுத்த கணக்கு இருந்தது. ஒருத்தி போய் "எனக்குப் பணம் வரல" என்றால், "உன் ஆதார்ல ஏதோ பிரச்சினை, போய்ச் சரி பண்ணு" என்று அனுப்பிவிடலாம். நூறு வீட்டுக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தால் பிரச்சினை ஆதாரில் இல்லை, திட்டத்தில்தான் என்று தெரிந்துவிடும்.

இதை நம் ஊரிலேயே பார்த்தோம். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பம் வந்தது. செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்தபோது 1 கோடியே 6 லட்சம் சொச்சம் பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இவ்வளவு விண்ணப்பத்தையும் இரண்டு மாசத்துக்குள் கையால் சரிபார்த்திருக்க முடியுமா? முடியாது. கரண்ட் கணக்கு, வண்டிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு என்று கம்ப்யூட்டரில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுத்தான் செய்தார்கள். தொழில்நுட்பம் இல்லாவிட்டால் இந்தத் திட்டம் இந்த வேகத்தில் வந்திருக்காது. அதை மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை. கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று காரணத்தோடு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். முப்பது நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம், கோட்டாட்சியர் விசாரிப்பார் என்றார்கள். "தகுதி இல்லை" என்று மட்டும் சொல்லி கதவைச் சாத்தாமல், காரணம் சொல்லி, கேட்க இடமும் சொன்னார்கள். அதனால்தான் நவம்பரில் இன்னும் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் சேர முடிந்தது.

எங்கள் ஊரில் அப்போது என்ன செய்தோம் தெரியுமா? மறுக்கப்பட்டவர்கள் ஒவ்வொருத்தரும் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் ஜாதகத்தைக் குறை சொன்னாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று சண்டைக்கே போய்விட்டாள். குழுக் கூட்டத்தில், "எல்லாரும் செல்லை எடுத்து அந்த மெசேஜைக் காட்டுங்க" என்றேன். ஒரு நோட்டில் பெயர், தெரு, காரணம் என்று எழுதினோம். எழுதி முடித்து வாசித்தால், ஒரே தெருவில் நாலைந்து வீட்டுக்கு ஒரே காரணம்: வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம். அந்தத் தெரு எங்களுக்குத் தெரியாதா? ஒரு பெரிய வீடு, அதை மறித்து மறித்து அண்ணன் தம்பி குடும்பங்களும் வாடகைக் குடித்தனமும். மீட்டர் ஒன்றுதான். மூன்று குடும்பத்து கரண்டு மூன்று பேர் தலையிலும் முழுசாக ஏறியிருந்தது. தனித்தனியாக இருந்தவரை அது ஒவ்வொருத்தி தலையெழுத்து. ஒரு நோட்டில் வந்ததும் அது ஒரு மீட்டர். மேல்முறையீட்டில் அதையே எழுதினோம். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை நின்றது.

இன்னொன்று. பணம் வந்துவிட்டது என்று அரசு சொல்லும், பெண் வரவில்லை என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கும். நம்மில் ஒருத்திக்கு எத்தனை கணக்கு? குழுவுக்காக ஒன்று, நூறு நாள் வேலைக்காக ஒன்று, காஸ் மானியத்துக்கு ஒன்று, கூட்டுறவு பாங்கில் ஒன்று. ஆதாரை வைத்துப் பணம் அனுப்பினால், கடைசியாக எந்த பாங்கில் ஆதாரை இணைத்து ஒப்புதல் கொடுத்தோமோ அங்கேதான் போய் விழும். நாம் பாஸ்புக் வைத்திருக்கும் கணக்கில் விழ வேண்டும் என்று இல்லை. 2017-இல் ஒரு கைபேசி நிறுவனம், சிம்முக்காகக் கைரேகை வாங்கும்போதே ஜனங்களுக்குத் தெரியாமல் கணக்குத் திறந்து, ஊர் ஊராகக் காஸ் மானியம் அங்கே போய் விழுந்து பெரிய விவகாரமானது ஞாபகம் இருக்கலாம். அதனால் "வரல" என்று ஒருத்தி சொன்னால், முதல் கேள்வி: ஆதார் எந்த பாங்கில் இணைந்திருக்கிறது? பாங்கிலோ ஆதார் இணையதளத்திலோ இதைப் பார்க்கலாம், நம் வங்கித் தோழி பார்த்துச் சொல்வார். யாராவது போனில் கூப்பிட்டு "நான் பார்த்துச் சொல்றேன், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் சொல்லாதீர்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லாதீர்கள்.

நூறு நாள் வேலைக்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும்.

2023 ஜனவரியிலிருந்து தனிநபர் வேலை தவிர எல்லா வேலைத்தளத்திலும் செல்போன் செயலியில்தான் வருகை. காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ, அந்த இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் பெரும்பாலும் நம் குழுப் பெண்தான். அவள் சொந்தப் போன், அவள் சொந்த நெட். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை. போட்டோ ஏறவில்லை என்றால் வேலை செய்தவர்களுக்கு அன்றைய கூலி போச்சு, திட்டு அவளுக்கு. பொய் வருகையைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். நியாயம்தான். ஆனால் பொய் எழுத நினைக்கிறவன் போட்டோவையே போட்டோ பிடித்து ஏற்றுகிறான். மண் சுமந்தவள் சிக்னலைத் தேடி கரட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது மறுபக்கம். அதே நூறு நாள் வேலையின் இணையதளத்தில் நம் ஊராட்சியின் வருகைப் பட்டியல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. பாஸ்வேர்டு வேண்டாம். எந்த வேலை, எத்தனை நாள், யார் பெயரில் எவ்வளவு, எப்போது பணம் போனது, எல்லாம் இருக்கிறது. சமூகத் தணிக்கைக்குப் போகும்போது நாங்கள் இதைத்தான் தாளில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். "அம்மா, நீங்க மார்ச் மாசம் பன்னெண்டு நாள் ஏரி வேலை செஞ்சதா இருக்கு, செஞ்சீங்களா?" ஒரு ஊரில், பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு அம்மா அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே, "மார்ச்சுல நான் பெங்களூர்ல பேத்திக்குப் பேறுகாலம் பாத்துட்டு இருந்தேன் கண்ணு" என்றார். அடுத்த வாரம் கிராம சபையில் அவரே எழுந்து அதைச் சொன்னார். எழுத்துத் தெரியாத ஒரு பெண், ஒரு கம்ப்யூட்டர் கணக்கைப் பொய் என்று நிரூபித்தார். செயலி எடுக்கும் ஆயிரம் போட்டோவை விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த வருகைப் பட்டியலைக் கேட்கும் உரிமை சும்மா வந்துவிடவில்லை. ராஜஸ்தானில் 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று ஏழைத் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்தார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் அவர்களோடு கிராமத்திலேயே தங்கி வேலை செய்தார்கள். பஞ்ச வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டால், "நீங்க அளவு வேலை செய்யலைன்னு ஏட்டுல இருக்கு" என்பார்கள். "அந்த ஏட்டைக் காட்டு" என்றால் அரசு ரகசியம் என்பார்கள். 1994-இலிருந்து ஊர் நடுவில் பந்தல் போட்டு, கிடைத்த பில்லையும் வருகைப் பட்டியலையும் சத்தமாக வாசித்தார்கள். நாம் வட்டத்தில் வாசிப்பது போலத்தான்! செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட், எல்லாம் வெளியே வந்தது. 1996-இல் பியாவர் ஊரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். அங்கே ஆரம்பித்தது 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நாடு முழுக்க வந்தது.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் அரசு 'ஜன் சூச்னா' என்று ஒரு இணையதளம் திறந்தது. எந்த ரேஷன் கடைக்கு எவ்வளவு வந்தது, யாருக்குப் பென்ஷன், யாருக்கு ஏன் நின்றது என்று மனுப் போடாமலே பார்க்கலாம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அதிகாரிகளும் இந்த மக்கள் அமைப்புகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். இது முக்கியம். ஒரு செயலியைச் செய்து முடித்துவிட்டு நமக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். செய்யும் முன்னால் நம்மைக் கேட்பது அபூர்வம். கேட்டிருந்தால், மலையடிவாரத்தில் சிக்னல் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருப்போமே.

எல்லாவற்றையும் திறந்து போடு என்றும் நான் சொல்ல மாட்டேன். யாருடைய ஆதார் எண், யாருடைய பாங்கு இருப்பு, யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் ஊருக்கு எதற்கு? அரசாங்கம் செலவழித்த கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குள் இருப்பது வீட்டோடு இருக்க வேண்டும். இப்போது பல இடத்தில் இது தலைகீழாக இருக்கிறது.

இவ்வளவும் அரசாங்கத்தைச் சொன்னேன். நம்மையும் சொல்ல வேண்டும். தலைவி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் குழுக் கணக்கும் இப்போது லோக் ஓஎஸ் செயலிக்குப் போய்விட்டது. நல்லது. எந்தக் குழு எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்று டில்லியிலிருந்து பார்க்கலாம். ஆனால் சில குழுக்களில் செயலியில் ஏற்றியாச்சு என்று நோட்டு எழுதுவதை விட்டுவிட்டார்கள். நோட்டு இல்லை என்றதும் வாசிப்பதும் நின்றது. டில்லிக்குத் தெரிகிற என் சேமிப்பு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் உறுப்பினருக்குத் தெரியவில்லை என்றால் 1989-இல் இருந்ததை விடவும் நாம் பின்னால் போய்விட்டோம். செயலியில் ஏற்றுங்கள். ஏற்றியதைச் செல்லைப் பார்த்தே சத்தமாக வாசியுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

கடைசியாக, நம் கூட்டமைப்பின் முன்னால் நான் வைக்கும் கோரிக்கை. எங்கள் ஊரில் உரிமைத் தொகைக்கு எழுதிய அந்த நோட்டை எல்லா ஊராட்சியிலும் நிரந்தரமாக வைப்போம். விடுபட்டோர் பதிவேடு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ரேஷன், பென்ஷன், நூறு நாள் கூலி, உரிமைத் தொகை, எதுவானாலும் கிடைக்க வேண்டியது கிடைக்காதவர்கள். பெயர், தெரு, எந்தத் திட்டம், எத்தனை மாசமாக, என்ன காரணம் சொன்னார்கள், எத்தனை தடவை நடந்தார்கள். ஆதார் எண்ணும் பாங்கு எண்ணும் எழுத வேண்டாம். நோட்டு தொலைந்தால் அது வேறு வினை. குழுவில் இல்லாதவர்களையும் எழுத வேண்டும். விடுபட்டவர்களில் பாதிப்பேர் குழுவிலிருந்தும் விடுபட்டவர்கள்தான். தனியாக இருக்கும் கிழவி, ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடும்பம், மனநிலை சரியில்லாத பிள்ளையை வைத்திருக்கும் தாய்.

போன செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார், "நமக்கு லோன் வாங்கித் தர்றதும் அதே ஆபீஸ், இப்படிப் பட்டியல் போட்டுக் குடுத்தா சார் கோவிச்சுக்க மாட்டாரா?" நியாயமான பயம். சுழல் நிதி, வங்கிக் கடன், சிறந்த கூட்டமைப்புப் பரிசு, எல்லாத்துக்கும் அவர்கள் கையெழுத்து வேண்டும். அதற்கு என் பதில் இதுதான். புகார் மனு வேறு, பதிவேடு வேறு. இன்னார் தப்புச் செய்தார் என்று நாம் எழுதப் போவதில்லை. இன்ன தெருவில் இத்தனை பேருக்கு இன்ன காரணத்தால் வரவில்லை என்று எழுதுகிறோம். மேலே எதிலும் தெரியாத கணக்கு அது. கம்ப்யூட்டரில் கிடைத்தவர்கள் பட்டியல்தான் இருக்கும், வராதவர்கள் இருக்க மாட்டார்கள். நல்ல அதிகாரிக்கு அது உதவி. சார் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார், சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியும் ஒருத்தர் கோபித்துக்கொண்டால், ஒரு குழு போய்க் கொடுக்க வேண்டாம். கூட்டமைப்பு கொடுக்கட்டும். இத்தனை குழுவின் கடனையும் சேர்த்து நிறுத்த யாருக்கும் மனசு வராது.

இளம் பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் மருமகள்களும் மகள்களும். நோட்டில் எழுதியதை மாசக் கடைசியில் உங்கள் செல்லில் ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுங்கள். எந்தத் தெரு, எந்தக் காரணம் என்று வரிசைப்படுத்தினால் நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை நீங்கள் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிப்பீர்கள். தொழில்நுட்பம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்களே, என்னைக் கேட்டால் அந்த இரண்டு நிமிஷம்தான் அது.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. அதற்கு முன் செப்டம்பர் மாதக் குழுக் கூட்டங்களில் ஒவ்வொரு குழுவும் தன் தெருவை மட்டும் எழுதினால் போதும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சேர்த்து, கிராம சபையில் வாசித்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்வோம். அங்கே தீராததை அடுத்து வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்போம். கொடுத்ததற்கு ரசீது வாங்கி அந்த நோட்டிலேயே ஒட்டுவோம். நோட்டு வாங்கும் செலவைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொள்ளும் என்று பொருளாளர் இப்போதுதான் தலையாட்டினார். வெளியே டீ குடிக்கப் போகும்போது ஊராட்சிக்கு ஒருவர் தங்கள் பெயரை என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.